ஒளு, ஞானஸ்நானம், நாற்பது நாள்: எல்லைப்புறத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் களியக்காவிளைக்குப் பக்கம். செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். ஒரே தெருவில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடு, லத்தீன் கத்தோலிக்க வீடு, சுரியானி முறைக் கத்தோலிக்கரான மலங்கரை வீடு, பெந்தெகொஸ்தே வீடு, முஸ்லிம் வீடு எல்லாம் உண்டு. நான் உபதேசியார் மகள். சுவருக்கு அந்தப் பக்கம் உம்மா வீடு. அவர் யாருக்கு உம்மாவோ தெரியாது, தெருவுக்கே உம்மாதான். அவர் வீட்டுக் கிணற்றிலும் எங்கள் வீட்டுக் கிணற்றிலும் மாறி மாறி வெள்ளம் கோரி வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த வருஷங்களில் பிள்ளைகளும், அப்புறம் வேறு ஊர்களிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

தொழுகைக்கு முன் முறைப்படி முகம், கை, கால் கழுவி ஒளு எடுப்பது, ஞானஸ்நானம் பெறுவது எல்லாம் உடம்பு அழுக்கைக் கழுவத்தானே?

இல்லை. இப்போதுதான் சோப்புப் போட்டுக் கை கால் கழுவியவராக இருந்தாலும், ஒளு இல்லையென்றால் ஒளு எடுத்துவிட்டுத்தான் தொழ நிற்க வேண்டும். வயலில் வேலை செய்து வந்தவர் ஒளு எடுத்த பிறகு அவர் சட்டையில் சேறு ஒட்டியிருந்தால் அந்தச் சேறு தொழுகையைத் தடுக்காது. அழுக்கு வேறு, தொழுகைக்குத் தடையான நிலை வேறு.

கிறிஸ்தவத்திலும் அப்படித்தான். பேதுருவின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரத்தில், ஞானஸ்நானம் மாம்ச அழுக்கை நீக்குவது அல்ல என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. தண்ணீர் இருக்கிறது, ஆனால் கழுவப்படுவது தோல் இல்லை.

தீட்டு, தொடக்கு, நஜீஸ் மூன்றும் ஒன்றுதானா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இந்த மூன்று சொற்களும் ஒரே வாயில் புழங்குகின்றன, அதனால் பல மனக்காயங்கள் வந்திருக்கின்றன.

நஜீஸ் என்பது ஒரு பொருள். சிறுநீர், ரத்தம், மலம் போன்றவை. துணியிலோ உடம்பிலோ பட்டால் கழுவினால் போய்விடும். தொடக்கு என்பது ஒரு நிலை. கழிப்பறைக்குப் போனால், காற்றுப் பிரிந்தால், அயர்ந்து தூங்கினால் வருவது சிறுதொடக்கு. ஒளு எடுத்தால் நீங்கும். தாம்பத்தியம், மாதவிலக்கு, பிள்ளைப்பேறு போன்றவற்றால் வருவது பெருந்தொடக்கு. அதற்கு உடம்பு முழுக்க நனையும்படி குளிக்க வேண்டும். அதைத்தான் 'குளிப்பு கடமை' என்கிறார்கள். மாதவிலக்கும் பிள்ளைப்பேறும் என்றால் ரத்தம் நின்ற பிறகே அந்தக் குளிப்பு.

தீட்டு வேறு. திருவிதாங்கூரில் தீட்டு என்ற சொல்லுக்கு அளவுகோல் இருந்தது. ஒரு சாதிக்காரர் இன்னொருவரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் ஒரு நாளில் ஒழியவில்லை. அந்தத் தீட்டு பிறப்போடு ஒட்டியது. எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் போகாது என்று வைத்திருந்தார்கள். தொடக்கு அப்படி இல்லை. அது எல்லோருக்கும் வரும், எல்லோருக்கும் போகும், இமாமுக்கும் வரும்.

நபியின் தோழர் அபூ ஹுரைரா குளிப்பு கடமையான நிலையில் தெருவில் நபியைப் பார்த்ததும் கூச்சப்பட்டு ஒதுங்கிப் போய்விட்டார். குளித்துவிட்டு வந்து காரணத்தைச் சொன்னபோது, இறைநம்பிக்கையாளர் அசுத்தமாகிவிடுவதில்லை என்று நபி சொன்னதாக புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் வருகிறது. உம்மா இந்தக் கதையைச் சொல்லித்தான் எனக்குத் தொடக்கு என்றால் என்ன என்று புரியவைத்தார்.

எங்கள் வேதத்தில் மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு, வெளியேயிருந்து உள்ளே போகிற எதுவும் மனுஷனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளத்திலிருந்து வருவதே தீட்டுப்படுத்தும் என்கிறார். அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தில் பேதுருவுக்கு, எந்த மனுஷனையும் தீட்டுள்ளவனென்று சொல்லக்கூடாது என்று காட்டப்படுகிறது. இவ்வளவு தெளிவாக இருந்தும் எங்கள் சபைகள் அதைக் கேட்டு நடந்தன என்று சொல்ல முடியாது. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதி பார்த்து ஜனங்களைப் பிரித்து உட்காரவைக்கச் சுவரே இருந்தது. 1910இல்தான் அதை இடித்தார்கள். எங்கள் நட்டாலத்து நீலகண்டன் 1745இல் தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்றதும் அதே வடக்கன்குளத்தில். எல்லாச் சாதிக்காரரோடும் ஒன்றாகப் பழகினார் என்பது அவர்மேல் சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று. 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக்கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அதனால் இந்தச் சடங்குகளைப் பேசும்போது தீட்டு என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. பிள்ளைகளையும் பயன்படுத்த விடுவதில்லை.

ஒளு எப்படி எடுக்கிறார்கள்? கேரளத்துப் பள்ளிவாசலில் ஒரு மாதிரியும் தமிழ்நாட்டுப் பள்ளிவாசலில் வேறு மாதிரியும் சொல்கிறார்களே?

மனதில் எண்ணம் வைத்து, கைகளைக் கழுவி, வாய் கொப்பளித்து, மூக்குக்கு நீர் செலுத்தி, முகம் கழுவி, முழங்கை வரை கை கழுவி, ஈரக்கையால் தலையையும் காதையும் தடவி, கணுக்கால் வரை கால் கழுவ வேண்டும். குர்ஆனில் 5ஆம் அத்தியாயம் 6ஆம் வசனம் முகம், கை, தலை, கால் நான்கையும் சொல்கிறது. மற்றவை நபி காட்டிய வழக்கம்.

வித்தியாசம் மத்ஹபில், அதாவது மார்க்கச் சட்டத்தை விளக்குகிற வழியில் வருகிறது. கேரளத்திலும் தமிழகக் கடற்கரையிலும் பெரும்பாலும் ஷாஃபி. உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி அதிகம். ஷாஃபியில் ஒளுவின் கட்டாயங்கள் 6: அந்த நான்கோடு எண்ணமும் வரிசையும் சேரும். ஹனஃபியில் 4 மட்டும். தலையில் கொஞ்சம் தடவினாலே ஷாஃபியில் போதும், ஹனஃபியில் கால் பங்காவது தடவ வேண்டும்.

வீடுகளில் சிக்கல் வருவது வேறு இடத்தில். ஷாஃபி முறைப்படி கணவன் மனைவி கை பட்டாலே ஒளு முறியும். ஹனஃபியில் முறியாது. உள்நாட்டிலிருந்து எங்கள் தெருவுக்குக் கல்யாணமாகி வந்த ஒரு பெண், தொழுகைக்குக் கிளம்புகிற கணவனிடம் துண்டை நீட்டினாள். அவன் கை படாமல் ஒதுங்கி வாங்கியதும் தன்னை அருவருக்கிறான் என்று நினைத்து அழுதாள். உம்மாதான் உட்காரவைத்துச் சொன்னார்: "மோளே, உன் கை பட்டால் அவன் ஒளுவும் முறியும், உன் ஒளுவும் முறியும். இதில் யாரும் யாருக்கும் கீழே இல்லை." கல்யாணம் பேசும்போதே இந்த விஷயத்தைச் சொல்லிவிட்டால் நல்லது.

ஒளுவுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே ஒளு எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். நபி ஒரு முத்து தண்ணீரில் ஒளு எடுத்தார், ஒரு ஸாவு அளவில் குளித்தார் என்று ஹதீஸ் இருக்கிறது. முத்து என்பது இரண்டு கையும் சேர்த்து அள்ளுகிற அளவு, முக்கால் லிட்டருக்கும் குறைவு. ஒரு ஸாவு நான்கு முத்து, ஏறக்குறைய மூன்று லிட்டருக்குள் வரும்.

பள்ளிவாசலில் ஒளு எடுக்கிற தொட்டியான ஹவுளில் இத்தனை பேர் கையை விட்டால் தண்ணீர் கெடாதா என்றும் கேட்கிறார்கள். ஷாஃபியில் இரண்டு குல்லா, அதாவது ஏறக்குறைய 200 லிட்டர், அதற்குமேல் தேங்கியிருக்கும் தண்ணீர், நிறமோ மணமோ சுவையோ நஜீஸால் மாறாத வரை சுத்தம்தான். ஹவுள் அத்தனை பெரிதாகக் கட்டப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீரே இல்லையென்றால்?

இஸ்லாத்தில் தயம்மும் இருக்கிறது. ஒரு பயணத்தில் நபியின் மனைவி ஆயிஷாவின் கழுத்து மாலை தொலைந்து, அதைத் தேடி எல்லோரும் தண்ணீர் இல்லாத இடத்தில் தங்க நேர்ந்தபோது இந்த அனுமதி வந்தது. சுத்தமான மண்ணில் கையைத் தட்டி முகத்திலும் கைகளிலும் தடவ வேண்டும். தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்கிறவர்களுக்கும் இது உண்டு. ஷாஃபியில் தூசி ஒட்டுகிற மண் வேண்டும், ஹனஃபியில் கல்லும் போதும்.

ஞானஸ்நானத்தில் தண்ணீருக்குப் பதிலாக வேறு எதையும் வைக்க முடியாது. ஆனால் சாகக் கிடக்கும் குழந்தைக்குக் குருவானவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கத்தோலிக்க முறைப்படி யார் வேண்டுமானாலும், கிறிஸ்தவரல்லாத நர்ஸ்கூட, சபை நினைக்கிறதையே செய்கிற எண்ணத்தோடு தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், தூய ஆவியின் பெயரைச் சொல்லிக் கொடுக்கலாம். ஞானஸ்நானம் பெற விரும்பி, அது கிடைக்கும் முன்பே இறந்தவருக்கு அந்த ஆசையே ஞானஸ்நானமாகும் என்றும் கத்தோலிக்கச் சபை சொல்கிறது.

ஞானஸ்நானம் தலையில் ஊற்றுவதா, முழுக்குவதா? எது சரி?

இந்தச் சண்டையில் எங்கள் பக்கத்தில் குடும்பங்களே பிரிந்திருக்கின்றன. அதனால் யார் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் முதலில் சொல்கிறேன்.

லத்தீன் கத்தோலிக்கர்கள் குழந்தையின் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றுகிறார்கள், பிறகு கிறிஸ்மா எண்ணெய் பூசுகிறார்கள், வெள்ளை உடையும் எரியும் திரியும் கொடுக்கிறார்கள். திருமுழுக்கு என்று பெயர். கடற்கரைக்கு இது பழைய கதை. 1544இல் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கும் அதிகமானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

மலங்கரை வீடுகளில் மாமோதீசா என்பார்கள். சுரியானி முறைப்படி தொட்டியில் வெந்நீரையும் தண்ணீரையும் கலப்பார்கள். மூறோன் என்கிற பரிசுத்த தைலத்தையும் உடனே அந்தக் குழந்தைக்கே பூசிவிடுவார்கள். லத்தீன் முறையில் இதற்கு இணையான உறுதிபூசுதலுக்குப் பிள்ளை வளரும்வரை காத்திருப்பார்கள். 1996இல் மார்த்தாண்டம் மலங்கரை மறைமாவட்டம் ஆன பிறகு இந்த முறையை இங்கே நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள்.

சி.எஸ்.ஐ.யில் குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள், பெரியவர்களுக்கும் கொடுப்பார்கள். பெந்தெகொஸ்தே சபையில் விவரம் தெரிந்தவர்களுக்கு மட்டும், அதுவும் முழுக்கு ஞானஸ்நானம், பல சமயம் ஆற்றில். குழித்துறை ஆற்றில் வெள்ளைத் துணியோடு வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரட்சணிய சேனையில் தண்ணீர் ஞானஸ்நானமே இல்லை, 1883 முதல் அப்படி. எங்கள் மாவட்டத்தில் அந்தச் சபைக் குடும்பங்கள் நிறைய. அவர்களைப் பார்த்து நீங்கள் கிறிஸ்தவர்களா என்று கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். தயவுசெய்து கேட்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், கொடுத்த ஞானஸ்நானத்தைத் திரும்பக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. நிசேயா விசுவாசப் பிரமாணத்திலேயே 'ஒரே ஞானஸ்நானம்' என்றுதான் சொல்கிறோம். என் சித்தி மகள் ஒரு சபைக்குப் போனபோது, குழந்தையில் பெற்றது செல்லாது, உன் அப்பா அம்மா உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் அப்பா அதற்கப்புறம் அந்த முழுக்குக்குப் போகவில்லை, அவளோடு பேசவும் ரொம்ப நாள் ஆனது. முழுக்கு எடுக்க விரும்புகிறவர் எடுக்கட்டும். பெற்றவர்களைப் பற்றி அப்படிப் பேச வேண்டிய அவசியம் இல்லை.

கத்தோலிக்கக் கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டி எதற்கு?

ஞானஸ்நானத்தை நினைத்துக்கொள்வதற்கு. ஆதிச் சபைகளில் கோயில் முற்றத்தில் நீரூற்று இருந்தது, ஜனங்கள் கையும் முகமும் கழுவிவிட்டு உள்ளே போனார்கள். பள்ளிவாசல் ஹவுளைப் பார்க்கும்போது எனக்கு அந்த முற்றம்தான் ஞாபகம் வரும். பின்னால் அது ஒரு சிறு தொட்டியாகச் சுருங்கி, விரல் நனைத்து சிலுவை போடுவதாக ஆயிற்று. 2020இல் கொரோனா வந்தபோது தொட்டிகளைக் காயவைத்தார்கள், ஒளுவை வீட்டிலேயே எடுத்து வரச் சொன்னார்கள்.

பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கழித்துத்தான் தொழ வேண்டுமா, கோயிலுக்கு வர வேண்டுமா?

பெண்கள் என்னிடம் அதிகம் கேட்டது இதுதான். இதில் தவறாகச் சொல்லித்தருவதும் அதிகம்.

முஸ்லிம் பெண்களுக்கு: நாற்பது என்பது ஒரு கெடு அல்ல. ரத்தம் எப்போது நிற்கிறதோ அப்போது குளித்துவிட்டுத் தொழ வேண்டும். 20ஆம் நாள் நின்றால் 20ஆம் நாள். நாற்பது முடியட்டும் என்று காத்திருந்தால் இடையில் விட்ட தொழுகைகள் கணக்கில் நிற்கும். ஹனஃபியில் அதிகபட்சம் 40 நாள், ஷாஃபியில் பெரும்பாலும் 40, அதிகபட்சம் 60. பேறுகாலத்து வேதுகுளி வேறு விஷயம். அது உடம்பு தேற வேண்டும் என்று நாட்டு மருந்து போட்ட வெந்நீரில் குளிப்பது, மார்க்கக் குளிப்பு இல்லை. இரண்டும் ஒரே நாளில் வர வேண்டிய அவசியம் இல்லை.

கிறிஸ்தவப் பெண்களுக்கு: லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தில் ஆண் பிள்ளை பெற்றால் 7ம் 33ம் சேர்த்து 40 நாள், பெண் பிள்ளை என்றால் 80 நாள் என்று யூதர்களுக்குச் சட்டம் இருந்தது. மரியாள் அந்தச் சட்டப்படிதான் இயேசுவை எடுத்துக்கொண்டு எருசலேம் போனார். ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாத ஏழைகள் கொடுக்கிற ஜோடிப் புறாவைத்தான் அவர்களும் கொடுத்தார்கள். டிசம்பர் 25இலிருந்து நாற்பதாம் நாளான பிப்ரவரி 2 அன்று கத்தோலிக்கர்கள் மெழுகுவத்தி மந்திரித்து அதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்தச் சட்டம் கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டாது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சபைகளில் செய்வது நன்றி செலுத்தும் ஜெபம். உடம்பு தேற நாற்பது நாள் ஓய்வெடுப்பது நல்லதுதான், அதை ஓய்வு என்றே சொல்லுங்கள். பெண் பிள்ளை பெற்றவளைக் கூடுதல் நாள் ஒதுக்கிவைக்க இன்று யாராவது லேவியராகமத்தைக் காட்டினால், அந்தப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு சுவிசேஷத்தை மூடிவிட்டார் என்று அர்த்தம்.

மாதவிலக்கில் இருக்கும் பெண்ணைத் தொடலாமா? அவள் சமைக்கலாமா?

தொடலாம், சமைக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். இஸ்லாத்தில் அந்த நாட்களில் தொழுகை இல்லை, நோன்பு இல்லை. விட்ட நோன்பைப் பிறகு வைக்க வேண்டும், தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை. பள்ளிவாசலிலிருந்து விரிப்பை எடுத்துத் தரச் சொன்ன நபியிடம், தான் மாதவிலக்கில் இருப்பதாக ஆயிஷா சொன்னார். உன் மாதவிலக்கு உன் கையில் இல்லையே என்றார் நபி. முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் 12 வருஷம் ரத்தப் போக்கால் கஷ்டப்பட்ட ஒரு பெண் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் உடையைத் தொடுகிறாள். பழைய சட்டப்படி அவள் தொட்டது தப்பு. நடுங்கிக்கொண்டே உண்மையைச் சொல்கிறாள். அவர் அவளை 'மகளே' என்று கூப்பிடுகிறார். அந்த நாட்களில் நற்கருணை வாங்கக் கூடாது என்று சொல்கிற அம்மாமார் இன்னும் எங்கள் பக்கத்தில் உண்டு. லத்தீன் சபையிலும் சி.எஸ்.ஐ.யிலும் அப்படி விதி இல்லை.

நாய் தொட்டால்?

ஷாஃபியில் நாயின் ஈரம் பட்ட இடத்தை 7 முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கரைத்த தண்ணீரால். உலர்ந்த நாய் உலர்ந்த துணியில் உரசினால் ஒன்றும் இல்லை. ஹனஃபியில் எச்சில் மட்டும் நஜீஸ். மாலிக்கி மத்ஹபில் நாயே நஜீஸ் இல்லை. உங்கள் வீட்டில் நாய் இருந்தால், தொழுகைக்குப் போகிற அண்டை வீட்டுக்காரர் வரும்போது கட்டிப்போடுங்கள்.

உள்ளத்தைத் தூய்மையாக்க என்ன சடங்கு?

கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடுவது; எல்லைக்கு அப்பால் கும்பசாரம் என்பார்கள். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கும். பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். லத்தீன் முறையில் 2016 முதல் பெண்களின் காலையும் கழுவலாம் என்று போப் பிரான்சிஸ் விதியை மாற்றினார்.

முஸ்லிம்களுக்குத் தௌபா, அதாவது பாவமன்னிப்புக் கேட்பது, நேராக இறைவனிடம், நடுவில் ஆள் கிடையாது. கட்டாய தானமான ஜகாத் என்ற சொல்லுக்கே தூய்மை என்ற பொருள் உண்டு. சேமிப்பில் நூற்றுக்கு இரண்டரை கொடுத்தால்தான் மிச்சம் சுத்தம். வாசலில் ஓடுகிற ஆற்றில் தினம் ஐந்து முறை குளிப்பவன் உடம்பில் அழுக்கு மிஞ்சுமா, ஐந்து வேளைத் தொழுகையும் அப்படித்தான் என்று நபி சொன்னார்.

எனக்கு 51ஆம் சங்கீதம். 'என்னைக் கழுவியருளும், அப்பொழுது உறைந்த மழையிலும் வெண்மையாவேன்.' சின்ன வயதில் உறைந்த மழை என்றால் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். அவரும் பனி பார்த்ததில்லை. பிழிந்த தேங்காய்ப்பாலைக் காட்டி, இதைவிட வெள்ளை என்றார். இன்றும் அந்த வசனம் படிக்கும்போது தேங்காய்ப்பால்தான் கண்ணில் வரும்.

துக்க வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்க வேண்டுமா?

இரண்டு மார்க்கத்திலும் கட்டாயம் இல்லை. எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் குளித்துவிட்டு உள்ளே வருவது ஊர் வழக்கம், அவ்வளவுதான். மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டியவர்கள் குளிப்பது ஷாஃபியில் சுன்னத்து: செய்தால் நல்லது, கட்டாயம் இல்லை.

மையத்தைக் குளிப்பாட்ட வேறு மதத்தவர் வீட்டுத் தண்ணீர் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி, யார் வீட்டுத் தண்ணீர் என்பது இல்லை. நபியின் தோழர் உமர் ஒரு கிறிஸ்தவப் பெண் வீட்டுத் தண்ணீரில் ஒளு எடுத்த செய்தி புகாரியில் இருக்கிறது.

மையத்தை வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, ஒற்றைப்படையாக மூன்று, ஐந்து, ஏழு முறை கழுவுவார்கள். இலந்தை இலை போட்ட தண்ணீர், கடைசி முறை கற்பூரம் கலந்த தண்ணீர். பெண் மையத்தைப் பெண்களே குளிப்பாட்டுவார்கள்.

உம்மா இறந்த அன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. அவர் வீட்டில் மோட்டார் போட்ட பிறகு கப்பியையும் கயிற்றையும் எடுத்துவிட்டிருந்தார்கள். எங்கள் கிணற்றில் கப்பி இருந்தது. நானும் என் நாத்தனாரும் கோரிக் கொடுத்தோம், அவர் மகள்கள் சுவருக்கு மேலேயே குடத்தை வாங்கிக்கொண்டார்கள். கடைசிக் குடம் போகும்போது மூத்தவள் எட்டிப் பார்த்து, "போதும் அக்கா, உம்மா வெள்ளம் வீணாக்கினால் ஏசுவாங்க" என்றாள்.